தொண்ணூற்றாறு வேகத்தில் ஒரு தொட்டில் பாட்டு

அந்த வீட்டில் நான்கு மாதமாக யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. யாருக்கும் என்றால், இருப்பதே இரண்டு பேர்தான்: பஸ் ஓட்டுகிற கணவர், இசைப் புத்தகங்கள் போடுகிற பதிப்பகத்தில் பிழை திருத்துகிற மனைவி. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் சேர்த்தால் மூன்று. சேர்க்கத்தான் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் டிரைவர் கீபோர்டின் முன் உட்கார்ந்து தொட்டில் பாட்டை எடுத்தாரென்றால், அதுவரை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை வீறிட்டு எழுந்துவிடும்.

"தொட்டில் பாட்டுன்னு சொல்றீங்க அக்கா. எங்க வீட்டுத் தொட்டில்ல இருக்கறது எழுந்து உட்கார்ந்துக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"பரிட்சை முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று இவள் சமாளித்தாள்.

பரீட்சைக்கு உட்காரப்போவது நாற்பத்தேழு வயது டிரைவர். அவருக்குக் காலை வண்டி ஒன்பதரைக்கு முடியும், அடுத்த வண்டி மதியம் இரண்டரைக்கு. நடுவில் கிடக்கிற ஐந்து மணி நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் கால் நீட்டிக் குறட்டை விடுவார்கள். இவர் ஒருநாள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பியானோ வகுப்புக்குள் யூனிஃபார்மோடு நுழைந்து, "பெரியவங்களையும் சேர்த்துப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். சேர்த்துக்கொண்டார்கள். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, இப்போது முதல் நிலைத் தேர்வு வரை வந்திருந்தார். டிப்போ முழுக்க விஷயம் பரவி, டிக்கெட் பரிசோதகர் வரைக்கும் கை குலுக்கி வாழ்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏன் இந்த வேலை என்று மனைவி கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "பதினெட்டு வருஷமா ராத்திரி பகலா நீ இந்தப் புள்ளியையும் கோட்டையும் பார்த்துக்கிட்டே இருக்க. அது எப்படித்தான் கேக்கும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் கொஞ்சம் கற்றுக்கொண்டு விட்டதுதான். ஆனால் காகிதத்தில் இருக்கும் இசையை அவள் கண்ணை மீறி ஒரு தவறும் அச்சுக்குப் போனதில்லை. பதிப்பகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் அவள் காதுக்கு எட்டி, உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. அவளே ஒத்துக்கொண்ட பிறகு நமக்கென்ன, நாமும் கழுகு என்றே சொல்லுவோம்.

தொட்டில் பாட்டு இருந்தது பச்சை அட்டைத் தேர்வுப் புத்தகத்தில், இரண்டாவது பாடம். கழுகின் பதிப்பகம் போட்ட புத்தகம், கழுகே பிழை பார்த்த புத்தகம். பாட்டின் தலையில் 'அடாஜியோ' என்று போட்டிருந்தது. நிதானமாக, பதற்றமில்லாமல் வாசி என்று பொருள். அதன் பக்கத்தில் ஒரு குட்டிச் சுரத்தின் படம், சமக்குறி, தொண்ணூற்றாறு என்ற எண். அதாவது, அந்தச் சுரம் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு விழுகிற வேகத்தில் வாசிக்க வேண்டும். அதற்கென்றே டிக் டிக் என்று அடிக்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. டிரைவர் அதை வாங்கி, தொண்ணூற்றாறில் வைத்து, சாப்பாட்டு மேசை மேல் நிறுத்தியிருந்தார்.

அந்த டிக் டிக்கில்தான் வீட்டின் நிம்மதி போயிற்று. சாப்பிடும்போது அவர் தொடையில் விரல்கள் ஓடும். தேநீர்க் கோப்பை நடுங்கும். கழுகு வெங்காயம் நறுக்கினால் கத்தியும் தானாகத் தொண்ணூற்றாறுக்குப் போய்விடும். பாட்டு முழுக்க நெருக்கமான சின்னச் சுரங்கள்; பஸ் ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். வியர்த்து வழிய வழிய வாசிப்பார்.

முதல் மாதம் அவர் சந்தேகமாகக் கேட்டார்: "ஏம்மா, நிதானம்னு எழுதியிருக்கு. வேகம் இப்படிப் போட்டிருக்கே?"

"வார்த்தை ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. எண் எல்லாருக்கும் ஒண்ணுதான். எண்ணைப் பார்த்து வாசிங்க."

அவருக்கு அது சரியென்றே பட்டது. "அதுவும் நியாயம்தான். ரோட்ல மெதுவாகச் செல்லவும்னு போர்டு இருக்கும், கீழ நாப்பதுன்னு இருக்கும். எது மெதுவுன்னா, நாப்பதுதான் மெதுவு" என்று தலையாட்டிக்கொண்டார்.

மூன்றாவது மாதம் மறுபடியும் கேட்டார். "வகுப்புல டீச்சருக்கும் வேகம் உதைக்குதாம். ஆனா புத்தகத்துல இருக்கறதை மாத்தினா மார்க் போயிடும்னு பயப்படறாங்க."

"புத்தகத்துல தப்பு வராதுங்க. நான் பார்த்தது."

தேர்வுக்கு முந்தின நாள் மூன்றாவது முறை கேட்டார். அன்று கழுகுக்கு அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. "பஸ் ஓட்டறதை நீங்க பாருங்க, புத்தகத்தை நான் பார்த்துக்கறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் பெட்டியின் முள்ளைத் தட்டிவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது.

மறுநாள் காலை பத்தே காலுக்கு, பச்சை அட்டைப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி மேலாளர் பழைய ஃபைலைக் கழுகின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் பாட்டுகளை எழுதிய அம்மாளின் கைப்பிரதி, பிழை பார்க்க அடித்த முதல் அச்சுத் தாள், கடைசித் தாள் எல்லாம் அடுக்காக இருந்தன. கழுகு சும்மா புரட்டினாள். இரண்டாவது பாடத்தின் கைப்பிரதியில் அந்தக் குட்டிச் சுரத்துக்கு ஒரு வால் இருந்தது.

சாதாரணச் சுரம் என்றால் ஒரு முட்டையும் ஒரு தண்டும். அது கால் சுரம். தண்டின் நுனியில் ஒரு சின்ன வால் வளைந்து தொங்கினால் அது அரைக்கால் சுரம், அளவில் சரிபாதி. நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு அரைக்கால் என்றால், அது தாலாட்டுகிற வேகம். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு கால் என்றால், அதைப்போல இரண்டு மடங்கு. புத்தகத்தில் வால் இல்லை.

முதல் அச்சுத் தாளை எடுத்தாள். அங்கே வால் இருந்தது. ஆனால் அச்சில் அது தண்டோடு ஒட்டாமல், உடைந்து, ஒரு தூசி போல் விலகிக் கிடந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், 'அழுக்கு. எடுத்துவிடவும்.' அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து.

யாரோ விட்டுவிட்ட தவறு இல்லை இது. சரியாக இருந்ததை அவளே பார்த்துப் பார்த்துத் துடைத்து எறிந்திருக்கிறாள். பிழை திருத்துகிறவர்களால் மட்டுமே செய்ய முடிகிற பிழை.

பதினொன்று இருபதுக்கு அவருடைய முறை. போன் செய்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தேர்வுக்கூடத்தில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நேற்றுத்தான் அவர் சொல்லியிருந்தார். கழுகு ஃபைலை அப்படியே கைப்பையில் திணித்துக்கொண்டு, மேலாளரிடம் தலைவலி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, படிகளில் இறங்கி ஓடினாள்.

நிறுத்தத்தில் உடனே பஸ் கிடைத்தது. ஓட்டுகிறவர் டிரைவரின் கையில் தொழில் பழகியவர். "வாங்க அண்ணி! இன்னைக்கு அண்ணனுக்குப் பரிட்சையாமே? டிப்போவே காத்துக்கிட்டு இருக்கு" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். கழுகு அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

சாலை அன்று அதிசயமாகக் காலியாக இருந்தது. பஸ் பறந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்த நேரத்தில், பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார் அவர். இறங்க ஆளில்லை, ஏறவும் ஆளில்லை.

"ஏன் தம்பி நிக்குது?"

"நாலு நிமிஷம் முன்னாடி வந்துட்டோம் அண்ணி. இங்க பத்து அம்பதுக்குத்தான் கிளம்பணும்."

"அவசரமா போகணும் தம்பி. காலியாத்தானே இருக்கு, எடுங்களேன்."

"எடுக்கக் கூடாது அண்ணி. லேட்டா போனாக்கூட டிராஃபிக்குன்னு சொல்லித் தப்பிச்சிடலாம். முன்னாடி போறதுதான் பெரிய குத்தம். பத்து அம்பது பஸ்னு நம்பி ஒருத்தன் நடந்து வந்துக்கிட்டு இருப்பான் பாருங்க, அவன் என்ன பண்ணுவான்? இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான்."

கழுகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கைப்பையைத் திறந்து, அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து, மூடி, மறுபடி திறந்தாள்.

இந்த இடத்தில் அவள் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய அச்சுத் தாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் பதிப்பில் அந்த வாலைச் சத்தமில்லாமல் ஒட்டிவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துபோகும். கணவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி அவரைக் காப்பாற்றிவிட்டால் போதும். பதினெட்டு வருடப் பெயர் அப்படியே இருக்கும். பஸ் மறுபடி கிளம்பியபோது அவள் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

தேர்வுக்கூடத்தின் படியேறும்போது மணி பதினொன்று பதினேழு. நீளமான தாழ்வாரம், சுவரோரம் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் பச்சை அட்டைப் புத்தகம். கோடியில், தேர்வாளர் இருக்கிற அறையின் மூடிய கதவு. கழுகு உள்ளே நுழைந்த அதே நேரம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சிறுமி வெளியே வந்தாள். வந்தவள் நேராக அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னடா, என்ன ஆச்சு?"

"இது தொட்டில் பாட்டா, குதிரைப் பந்தயமான்னு கேட்டார்ப்பா."

கழுகின் கால் அங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் கடைசி நாற்காலியில் இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி; முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்திருந்தன. தொப்பி மடியில். தொப்பியின் மேல் பத்து விரல்களும் தொண்ணூற்றாறில் ஓடிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போயிற்று.

"அட, நீ எங்க இங்க? வேலையை விட்டுட்டா வந்த?"

அவர் தன்னை வாழ்த்த வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கழுகு அவர் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து, அச்சுத் தாளை எடுத்துத் தொப்பியின் மேல் வைத்தாள்.

"ஏங்க, அந்த வேகம் தப்பு. பாதி வேகம்தான் சரி. இந்த வாலுக்குத்தான் தொண்ணூத்தாறு. நான்தான் அழுக்குன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

அவர் தாளை வாங்கி, புது வழித்தடத்தின் அட்டவணையைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தார். சிவப்பு வட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "அப்போ நான் கேட்டது..."

"மூணு தடவையும் சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் திமிர்ல பேசிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. அவர் கண் தாளை விட்டு விலகி, எதிர்வரிசையில் இருந்த பிள்ளைகள் பக்கம் போயிற்று.

"இவங்ககிட்ட சொன்னியா?"

"முதல்ல நீங்க வாசிச்சுட்டு வாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"ஏம்மா, வண்டியில பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சா, உன்னை மட்டும் இறக்கி விட்டுட்டு மத்தவங்களை ஏத்திக்கிட்டுப் போவேனா நான்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கழுகு எழுந்து நின்றாள். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்தவளுக்கு, தன் தவறை வாயால் சொல்ல எந்த வார்த்தையிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "ரெண்டாவது பாடத்துல போட்டிருக்கற வேகம் தப்பு. அதுல பாதிதான் வாசிக்கணும். புத்தகத்தைத் திருத்தினது நான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தேம்பிக்கொண்டிருந்த சிறுமியின் அப்பா, "உள்ள போய் அவமானப்பட்டு வந்த பிள்ளைங்களுக்கு என்ன பதில்?" என்று கத்தினார். ஒரு அம்மா மட்டும் கத்தவில்லை. மெல்லக் கேட்டாள்: "விரல் ஓடலைன்னு இவளை நான் அடிச்சிருக்கேங்க. நீங்க சொல்றது நிஜமா?"

"நிஜம்தான்" என்றாள் கழுகு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த மகள் மட்டும், "அப்போ மெதுவா வாசிக்கலாமா?" என்று கேட்டாள். கழுகு தலையாட்டியதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, "மெதுவா வாசிக்கலாமாம்!" என்று தாழ்வாரம் முழுக்க அறிவித்துவிட்டாள்.

கழுகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டு, அச்சுத் தாளையும் சேர்த்து கதவருகே எண் கூப்பிட நின்றிருந்த அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டு வந்தார். "ஏற்கெனவே வாசிச்ச ஆறு பேரும் இருக்கணுமாம். கடைசியில மறுபடி கேக்கறாராம்" என்றார். பிறகு, "ஏழாம் எண்!" என்று கூப்பிட்டார்.

டிரைவர் தொப்பியைக் கழுகின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

எடுத்த எடுப்பில் பாட்டு பாய்ந்தது. நான்கு மாதப் பழக்கம் எங்கே போகும்? அதே குதிரை, அதே ஓட்டம். கழுகு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வரி முடிவதற்குள் சட்டென்று நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வாசித்ததெல்லாம் மறந்துவிட்டதோ, எழுந்து வந்துவிடுவாரோ என்று அவள் கதவின் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மறுபடி ஆரம்பித்தார், மெதுவாக.

அந்தப் பாட்டை அவள் நூறு தடவை காகிதத்தில் படித்திருக்கிறாள், நான்கு மாதம் காது வலிக்கக் கேட்டிருக்கிறாள். ஆனால் இன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். கசகசவென்று ஓடிய சின்னச் சுரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக, தனித்தனியாக வந்தன. இடது கையில் இரண்டே சுரங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. தொட்டில் ஆடுகிறது என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. நடுவில் ஒரு சுரம் தப்பிப் போயிற்று. அதை மறைக்க அவர் விரைந்து ஓடவில்லை. நிறுத்தத்தில் கிழவர் ஒருவர் ஏறுவதற்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நின்று, அடுத்த சுரத்தைச் சரியாக எடுத்தார். தேம்பிக்கொண்டிருந்த சிறுமியும் அழுகையை விட்டுக் கேட்டாள். கழுகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் நிலையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

கதவு திறந்து டிரைவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுகு எழுந்தாள்.

"என்ன சொன்னார்?"

"மார்க்கெல்லாம் அப்புறம்தான் வருமாம். ஒண்ணே ஒண்ணு கேட்டார். முதல்ல ஏன் அவ்வளவு வேகமா ஆரம்பிச்சீங்கன்னு. என் வீட்டுக்காரி சொன்னான்னேன்."

"அப்புறம்?"

"சரி, அப்புறம் ஏன் நிறுத்திட்டு மெதுவா வாசிச்சீங்கன்னார்." அவர் அவள் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டார். "அதுக்கும் அதே பதில்தான் சொன்னேன்."

கழுகு அவருடைய யூனிஃபார்ம் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை அம்மாக்களும் அப்பாக்களும் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். "ஆபீஸ்லயும் போய்ச் சொல்லணுங்க" என்றாள் அழுகைக்கு நடுவில்.

"சொல்லலாம். எனக்கு ரெண்டரைக்குத்தான் வண்டி. நானும் வரேன்" என்றார் டிரைவர்.